குரூப்புல பாரு

என் போனை ஆற்றில் போட்டவன் வேறு யாருமில்லை, நானேதான். வலையில் மாட்டிய நண்டைத் தூக்கிப் பிடித்து ஸ்டேட்டஸுக்குப் படம் எடுத்தேன். நண்டு கவ்வியது. நண்டை உதறியிருக்கவேண்டும், போனை உதறினேன். எண்ணூர் ஆற்றின் சாம்பல் சேறு அதை ஒரே வாயில் விழுங்கியது. நண்டுக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

வினை மறுநாள் வந்தது. முகத்துவாரத்தில் எந்த நாள் எந்த வீடு வலை கட்டலாம் என்று எங்கள் குப்பத்தில் முறை உண்டு. பாடு என்போம். முன்பு கோயில் வாசலில் கூடி வாய்விட்டுச் சொல்வார்கள். இப்போது வாட்ஸப்பில் போடுகிறார்கள். என் பாடு நாளைக்கா, நாளை மறுநாளா? எறா என்று நாங்கள் சொல்லும் இறால் ஓடும் சமயம். தவறவிட்டால் என் வீட்டு அடுப்போடு, என் எறாவைக் கூடையில் விற்கும் அங்கம்மா அக்காவின் அடுப்பும் அணையும்.

எதிர்வீட்டு திலீப்பைக் கேட்டேன். போனில் குனிந்த தலை நிமிரவில்லை.

"குரூப்புல கீது, பாரு மாமு."

"போனு தண்ணில பூட்ச்சுடா."

"அப்ப புச்சா ஒண்ணு வாங்கிப் பாரு."

"வாய் கீதுல்ல? தொறந்து சொல்லேன்!"

"அதான் சொல்றனே, குரூப்புல பாருன்னு."

அங்கம்மா அக்காவிடம் போனேன்.

"என்னிய கேட்டா? அது ஆம்பளைங்க குரூப்பு. நீதான் சோறு துன்னாம போனையே பாத்துகினு கெடப்பியே, இன்னாத்தடா பாத்த?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல, சாட்டிலைட்டைச் சுற்றிக்கொண்டு வா என்கிறார்களே, இதுவா ஊர்?

குப்பத்துத் தலைவர் சுப்புராயன் பைக்கை உதைத்துக் கிளப்பினார். முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"குரூப்புல…"

"நைனா, இன்னொருவாட்டி குரூப்புன்னு சொன்னே, வண்டி நவுறாது! நாளைக்கு நான் வலை கட்லாமா, கூடாதா? என் மூஞ்சப் பாத்து சொல்லு!"

வண்டியை அணைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"கூடாது நீலமேகம். நாளைலேந்து அந்த எடத்துல யாருக்குமே பாடு கெடையாது. கம்பெனிக்காரன் பைப்பு போடறான். சம்மதமான்னு போன வாரம் குரூப்புல கேட்டேன். ஒருத்தனும் படிக்கல, ஆளாளுக்குக் கட்டைவெரலத் தூக்கிப் போட்டீங்க. மொத வெரலு உன்துதான்."