நல்ல பிரேம்

ஹேக்ஸா பிளேடை நீலச் சைக்கிள் பிரேமின் கழுத்தில் வைத்துவிட்டு மகள் நிமிர்ந்து பார்த்தாள். தபால்காரம்மா தோளிலிருந்த பையை இன்னும் இறக்கவில்லை. சைக்கிள் அவருடையது.

"அறுத்தா மறுபடி ஒட்டுமா?"

"ஒட்டாதுக்கா."

"உள்ள எல்லாம் சரியா இருந்துச்சுன்னா?"

"அப்பவும் போனது போனதுதான்."

சுவருக்கு அந்தப் பக்கம், கடையை ஒட்டிய அறையில் அப்பா படுத்திருந்தார். இன்றைக்குப் பதினோராவது நாள். காலையில் வந்த டாக்டர், இன்றைக்கோ நாளைக்கோ என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

முப்பத்து நாலு வருடமாக எடை குறைந்த சைக்கிள் செய்தவர் அவர். வருகிறவரை நிற்கவைத்து, கால் நீளம் கை நீளம் அளந்து, முட்டை ஓட்டைவிடக் கொஞ்சமே தடித்த எஃகுக் குழாய்களை வெட்டி, பித்தளையை உருக்கிப் பற்றவைப்பார். ஒவ்வொரு போல்ட்டையும் தராசில் வைத்துப் பார்ப்பார். பிரேக் பிடியில் துளை போட்டு நாலு கிராம் குறைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் முகம் கொடுத்துப் பேசுவார். "என்னைய ஒருத்தியத்தான் தராசுல ஏத்தாம விட்டாரு" என்பாள் அம்மா.

போன வருடம் திடீரென்று கேஸ் டார்ச்சை மகளிடம் கொடுத்து, இனிமேல் நீயே பற்றவை என்றார். ஏன் என்று கேட்டதற்கு, முதுகுவலி என்றார். நேற்று மத்தியானம்தான் உண்மை வெளியே வந்தது.

"அந்த நீலத்தத் திருப்பிக் கூப்புடு" என்றார். "கடைசியா கழுத்து பத்தவைக்கும்போது எனக்குக் கண்ணு தெரியல. பித்தளை ஓடுச்சா நின்னுச்சான்னு பாக்கல. குத்துமதிப்பா முடிச்சுட்டேன்."

ஹேண்டில் வந்து உட்காரும் இடத்தைத்தான் அவர்கள் கழுத்து என்பார்கள். பற்றவைத்தது அங்கே விட்டுப்போனால், ஓட்டுகிறவர் முகம் குப்புற விழ வேண்டியதுதான். தபால்காரம்மாவோ தினமும் தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து இறக்கத்தில் வருகிறவர்.

அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. பிரேமை முடித்த அன்று அவர் சாப்பிடாமல் எழுந்துபோனதைப் பார்த்தவள் அவள். அதன்பிறகு தபால்காரம்மாவின் மணிச்சத்தம் கேட்கும்வரை தினமும் ஜன்னலோரமே நின்றிருக்கிறாள். இப்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்குன்னு சொல்லிடேன். போற உசுரு நிம்மதியாப் போகட்டும்" என்றாள்.

"என் குரல வச்சே கண்டுபுடிச்சிடுவாரும்மா. அதுவுமில்லாம, அந்தக்கா நாளைக்கும் அதுலதான போவாங்க?"

தட்டிப் பார்த்தாயிற்று. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சத்தத்தை நம்புகிற ஆளா அவர்?

தபால்காரம்மா பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அறுங்க. இதக் கேட்டப்புறம் எப்படி இதுல ஏறி உக்கார்றது? ஒவ்வொரு பள்ளத்துலயும் உசுரு போயிட்டு வரும்."

மகள் அறுத்தாள். நீலப் பொடி உதிர்ந்தது, பிறகு வெள்ளிப் பொடி. குழாய் இரண்டாக விழுந்ததும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். எஃகுக்கும் எஃகுக்கும் நடுவே பித்தளை மஞ்சள் கோடாக முழுவட்டமும் ஓடியிருந்தது. ஊசி நுழைய இடமில்லை. இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். தபால்காரம்மா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அறுத்த துண்டின் முனையை அரத்தால் நீவி, துணியில் துடைத்து, அப்பாவின் கையில் கொடுத்தாள். அவருடைய கட்டைவிரல் வட்டத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அம்மா கட்டில் கம்பியைப் பிடித்தபடி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தி ஓடியிருக்கா?"

"சுத்தி ஓடியிருக்குப்பா. ஒரு எடங்கூட விடல."

அவர் நெற்றி சுருங்கியது. "நல்ல பிரேமாச்சே. ஏன்டி அறுத்த?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைப் பொத்தினாள்; பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கும் அடக்க முடியவில்லை. "சிரிக்கிறீங்களா?" என்றார் அவர், குரலில் கோபமே இல்லாமல். "அவங்களுக்கு வேற செஞ்சு குடு. இத விட லேசா."

"சரிப்பா."

துண்டுக் குழாயை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பதினோரு நாளாகப் படுக்கையைப் பிறாண்டிக்கொண்டிருந்த விரல்கள் அசையாமல் கிடந்தன. மூன்று மணி வாக்கில் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போய், அடுத்தது வரவில்லை.

அம்மா அவர் கன்னத்தைத் தடவினாள். "சரி" என்றாள். ஆக வேண்டியதை மகளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். யார் யாருக்குச் சொல்ல வேண்டும், வெள்ளைப் போர்வை எந்த அலமாரியில் இருக்கிறது, எல்லாம். பிறகு, "சித்த நேரம் சாஞ்சுக்கறேன்" என்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயில் படுத்தாள்.

நாலரைக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. தெருமுனையிலேயே அழுகையை ஆரம்பித்துக்கொண்டு அப்பாவின் தங்கை வந்தாள்.

மகள் வாசலுக்கே போய்த் தடுத்தாள். "அத்தை, மெதுவா. தூங்குறாங்க."

அத்தை போர்வை மூடிய அண்ணனைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல மகளைப் பார்த்தாள். மகள் கீழே கை காட்டினாள். பாயில் அம்மா வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை அழுகையை விழுங்கினாள். வளையல்கள் குலுங்காதபடி ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக மெல்ல உட்கார்ந்தாள்.