இறக்கி வைத்த சுருதி

ஜெகதீசனின் கீபோர்டைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இது இன்னும் ஓடுதா?" என்றுதான். அதற்கு மேல் என்ன கேட்பார்கள் என்பது அவரவர் தைரியத்தைப் பொறுத்தது. மைக்செட் திலீப் தைரியசாலி.

"மாமு, இத்த எடுத்துகினு போயி எக்மோர் மியூசியத்துல குடு. திமிங்கல எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துல வச்சிடுவாங்க."

"அங்க ஒரு எலும்புக்கூடு கீதேடா. நானும் கூட போய் நின்னா எது திமிங்கலம்னு ஜனங்களுக்கு டவுட் வந்துடும்" என்பான் ஜெகதீசன். ஆள் அவ்வளவு ஒல்லி. தன்னைப் பற்றி மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் பாதி வலி மிச்சம் என்பது ஐம்பத்து மூன்று வயதில் அவன் சேர்த்து வைத்திருந்த ஒரே சேமிப்பு.

ஜப்பான்காரன் செய்த கீபோர்டு அது. யாரோ ஒரு கப்பல்காரர் விற்றுவிட்டுப் போக, பர்மா பஜாரில் கைமாறி ராயபுரம் வந்து சேர்ந்தது. உப்புக்காற்று அதை விட்டு வைக்கவில்லை. கீகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து சத்தம் வராமல் போகும்போதெல்லாம், ஜெகதீசன் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுப் பென்சில் கரியைத் தேய்த்து மறுபடி பூட்டுவான். பாடும். எண் காட்டும் சின்னத் திரை மட்டும் செத்துப் பல வருடம் ஆகிறது. அதை அவன் சரி செய்யவில்லை. செய்யவும் மாட்டான்.

காரணம், அவனுடைய அக்கா மங்கை.

மங்கைக்குக் காசிமேட்டில் கருவாட்டுக் கடை. ஆனால் அவளைக் கருவாட்டுக்காரி என்று அங்கே யாரும் சொன்னதில்லை. பாட்டுக்கார மங்கை என்பார்கள். சீ பிரீஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் இருபது வயதிலிருந்து பாடுகிறாள். திருவொற்றியூர் கல்யாணம், தண்டையார்பேட்டை மஞ்சள் நீராட்டு, எண்ணூர் கோயில் திருவிழா எல்லாவற்றிலும் அவள் குரல் கேட்டிருக்கிறது. புருஷன் போன பிறகு வீட்டில் அடுப்பு எரியாத நாளில்கூட, சனிக்கிழமை சாயங்காலம் சேலை மாற்றிக்கொண்டு மைக் பிடித்திருக்கிறாள். அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

"அஞ்சரைக் கட்டையில ஆரம்பிச்சேன். இன்னி வரிக்கும் அஞ்சரைதான். வயசாச்சின்னு சுருதிய எறக்கினு பாடறவங்க பேசாம மைக்க வச்சிட்டு வூட்டுக்குப் போலாம்."

இதை அவள் மேடையிலேயே சொல்வாள். கூட்டம் விசிலடிக்கும். டோலக் வாசிக்கும் அலி அக்பர் டோலக்கை அவசரமாகத் துடைப்பான். ஜெகதீசன் குனிந்து, எங்கும் போகாத ஒயரைச் சரி செய்வான்.

ஏனென்றால் மங்கையின் சுருதி அஞ்சரையிலிருந்து இறங்கி எத்தனையோ காலமாகிவிட்டது.

முதல் தடவை நடந்தது ஒரு ரிசப்ஷனில். சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் அவள் குரல் லேசாக உரசியது. அவ்வளவுதான், வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அவள் கீழே இறங்கி வந்து பிரியாணியைத் தொடவில்லை. தட்டில் இருந்த முட்டையை உருட்டிக்கொண்டே இருந்தாள். "மைக்கு கலீஜு, அக்கா. திலீபு ஈரத்துல போட்டு வச்சிருக்கான்" என்று ஜெகதீசன் ஒரு பொய் சொல்லிப் பார்த்தான். அவள் அரை மனதாகத் தலையாட்டினாள்.

கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை ஒரு தடவை அழுத்தினால், விரல்கள் பழைய கீகளிலேயே ஓடும். சத்தம் மட்டும் அரைக் கட்டை கீழே வரும். அடுத்த கச்சேரியில் ஜெகதீசன் ஒரு தடவை அழுத்தினான். டோலக் சுருதி சேராமல் போகும் என்பதால் அலி அக்பரிடம் மட்டும் சொன்னான். அவனும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டான். மங்கை அந்த இடத்தைத் தாண்டி ஏறினாள், தெருவில் நடப்பது போல. இறங்கி வந்து, "பாத்தியாடா, மைக்குதான்!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டு பிரியாணி சாப்பிட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏற்றுகிற தைரியம் ஜெகதீசனுக்கு வரவில்லை. வருடங்கள் போகப் போக ஒரு அழுத்தல் இரண்டானது, இரண்டு மூன்றானது. இப்போது ஐந்து. புதுக் கீபோர்டுகளில் அந்த எண் வெளிச்சம் போட்டுத் தெரியும். மேடைக்குக் கீழே நிற்கிற நாய்கூடப் படித்துவிடும். அதனால்தான் செத்த திரையோடு அந்தக் கிழட்டுக் கீபோர்டைக் கட்டிக்கொண்டு அழுதான். ஊரோ அவனைக் கஞ்சன் என்றது. பகலில் மாதவரம் லாரி எடைமேடையில் அவனுக்கு வேலை. அங்கே எண்ணை உள்ளபடி சொல்வதற்குச் சம்பளம். சாயங்காலம் எண்ணை மறைப்பதற்குச் சால்வை. இந்தப் பிழைப்பை நினைத்து அவனே சிரித்துக்கொள்வான்.

கீபோர்டுக்கு இன்னொரு குணம் இருந்தது. கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி உயிர் வரும்போது பிறந்த குழந்தை மாதிரி, இறக்கம் எதுவும் இல்லாத அசல் சுருதியில்தான் எழுந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் ஐந்து முறை அழுத்த வேண்டும். அதை ஜெகதீசன் ஒருநாளும் மறந்ததில்லை.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஆடித் திருவிழா. கூழ் ஊற்றி முடிந்து, சாயங்காலம் கச்சேரி. மின்நிலையச் சாம்பல் கலந்த காற்றில் சீரியல் பல்புகள் ஆடின. மங்கை அவளுடைய பெயர் சொல்லும் பாட்டை எடுத்திருந்தாள். பல்லவி முடிந்து இடையிசை போய்க்கொண்டிருந்தபோது கரண்ட் போனது.

வழக்கமாகப் பாட்டு நின்றுவிடும். அன்றைக்கு அலி அக்பர் டோலக்கை நிறுத்தவில்லை. அதற்கு எதற்குக் கரண்ட்? கூட்டம் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தது. பெண்கள், கிழவர்கள், படகு ஓரமாக நின்றவர்கள் எல்லோரும். மங்கை செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இடுப்பை ஆட்டினாள். திலீப் ஜெனரேட்டரை இழுத்தான். விளக்குகள் வந்தன. கூட்டம் ஹோவென்று கத்தியது. அந்தச் சத்தத்தில் ஜெகதீசனுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. இரண்டு கைகளும் கீகளில் பாய்ந்தன.

பட்டனை அழுத்த வேண்டிய கட்டைவிரலும் கூடவே பாய்ந்துவிட்டது.

இடையிசையின் கடைசி அடியில் அலி அக்பர் திரும்பிப் பார்த்தான். டோலக் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். ஜெகதீசனின் கட்டைவிரல் பட்டனுக்குப் போனது. ஆனால் அதற்குள் மங்கை கீபோர்டைக் காதில் வாங்கிக்கொண்டு சரணத்தைத் தொடங்கிவிட்டாள். நடுவரியில் அழுத்தினால் பாட்டே குப்புற விழும். ஊருக்கே தெரிந்துவிடும், அவளுக்கும் தெரிந்துவிடும். அழுத்தாவிட்டால்? ஒருவேளை ஏறிவிடுவாள். அக்கா ஆச்சே. கட்டைவிரல் பட்டனுக்கு மேலே நின்றது. அழுத்தவில்லை.

மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. உரசல் இல்லை, துணி கிழிகிற மாதிரி இரண்டாகப் போனது. அவள் மறுபடி முயன்றாள். காற்று மட்டும் வந்தது.

"அக்கா, தண்ணி குடிக்கா!" என்று கூட்டத்தில் யாரோ அன்பாகத்தான் கத்தினார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். மங்கை கையெடுத்துக் கும்பிட்டாள். கீழே இறங்கும்போது ஜெகதீசனின் பக்கம் வந்து, "தொண்டை போச்சிடா ஜெகா" என்றாள். ஏதோ வீட்டுச் சாவி தொலைந்ததைச் சொல்வது போல.

மீதிப் பாட்டுகளை அலி அக்பர் பாடித் தீர்த்தான். திலீப்பின் வண்டியில் திரும்பி வரும்போது மங்கை முந்தானையால் தொண்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஜெகதீசன் எடைமேடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காசிமேடு போனான். மங்கை வாளைக் கருவாட்டை வெயிலில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"வேற ஆளு பாத்துக்கடா. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"அதில்லக்கா. ஒன் தொண்டை போவல. போன வாரம் எப்படி இருந்திச்சோ அப்படியேதான் கீது. மிஷினுதான் கரண்ட் போயி அசல் சுருதிக்கு ஏறிடிச்சி."

"ஏறிடிச்சின்னா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பட்டன், ஒன்று, இரண்டு, ஐந்து. சொல்லும்போது வாளைக் கருவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவனைவிட நேர்மையான முகத்தோடு கிடந்தது. மங்கை கேட்டு முடித்தாள். பிறகு சிரித்தாள்.

"ரொம்ப நேரம் ரோசன பண்ணியாடா?"

"மெய்யாலுமே அக்கா. அலியக் கேளு."

"அவன் ஒன் தோஸ்து. ரெண்டு பேரும் ஒத்திகை பாத்திருப்பீங்க."

"வூட்டுக்கு வா. ஒன் எதிர்லயே போட்டுக் காட்றேன். அஞ்சு தடவ அமுக்கறேன், பாடு. நேத்து ஒடஞ்ச எடம் தன்னால வரும்."

கருவாட்டைப் புரட்டிய கை நின்றது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அஞ்சு எறக்கியிருந்தா எனக்குத் தெர்யாதா? ஒண்ணு ரெண்டு இல்ல, அஞ்சுன்ற. இத்தினி வருசமா மேடையில நின்னு அஞ்சரை அஞ்சரைன்னு நான் கத்திகினு கீறேன். எறங்கினது தெர்யாம பாடிகினு இருந்தேன்னா, நான் இன்னா செவிடாடா?"

ஜெகதீசன் வாயைத் திறந்தான். தொண்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், பதிலுக்கு அவளுடைய காதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. தொண்டை போனால் வயசு என்று சொல்லிக்கொள்ளலாம். காதும் இல்லை, மேடைக்கு மேடை தம்பட்டம் அடித்தது வேறு, பின்னால் இரண்டு ஆண்கள் குனிந்துகொண்டு நின்றது வேறு என்றால், இருபது வயதிலிருந்து பாடிய பாட்டுக்கார மங்கையில் என்ன மிஞ்சும்? அவள் கண் அவனை விடவில்லை. அதில் இருந்தது கோபம் இல்லை. பயம். ஆமாம் என்று சொல்லிவிடாதே என்கிற பயம்.

"கப்ஸாதான்க்கா" என்றான். "நீ பேஜாராகிக் கெடக்கறன்னு..."

அவள் மூச்சை விட்டாள். உப்புக் கையால் அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு மூஞ்சி வோணும் நைனா. ஒனக்கு அது கெடையாது."

அலி அக்பர் அன்றைக்கே வந்து கேட்டான். "சொல்லிட்டியா?"

"சொன்னேன். பொய்யின்னுச்சி. ஆமான்னுட்டேன்."

"யா அல்லா. இத்தினி வருசம் பொய் சொன்னே, நம்பிச்சி. ஒரு நாளு நெஜம் பேசினே, அத்த நீயே பொய்யாக்கிட்டியா? நான் போய்ச் சொல்றேன்."

"போவாத. அக்காவுக்குக் காதாவது இருக்கட்டும்."

அலி அக்பர் கையில் இருந்த டோலக்கின் கயிற்றை இறுக்கினான், பிறகு தளர்த்தினான். எந்தச் சுருதிக்கு வைப்பது என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது.

ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் புதிதாக ஐரீன் வந்தாள். மங்கையைவிட நாலைந்து வயது சின்னவள். சர்ச் குயரில் பாடியவள். மேடை ஏறியதுமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள்: "அண்ணே, எனக்கு அஞ்சு எறக்கிடு. நம்ம தொண்டையில இனிமே லிப்ட் இல்ல, படிக்கட்டுதான்." சொல்லிவிட்டு அவளே பெரிதாகச் சிரித்தாள். அதில் அவமானம் ஒன்றும் இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை சுலபமாகச் சொல்லிவிடலாம் என்பது தெரியாமல் இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டோமே என்று ஜெகதீசன் தன்னையே நொந்துகொண்டான்.

ராயபுரத்தில் சொந்தக்காரப் பெண்ணின் ரிசப்ஷன். ஹாலில் முன்வரிசையில் மங்கை பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் மங்கையின் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். ஐரீன் தொடங்கினாள். அவளுக்கென்று அழுத்தியது ஐந்து, மங்கைக்கு அழுத்திய அதே ஐந்து.

மங்கையின் உதடுகள் அசைவதை ஜெகதீசன் பார்த்தான். பல்லவி முழுவதும் கூடவே வந்தாள். சத்தமில்லாமல் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்ததிலிருந்து தெரிந்தது. சரணத்திலும் வந்தாள், ஒரு சுரம்கூட விலகாமல். இன்னும் நாலு சொல் தாண்டினால் மேலே ஏறுகிற அந்த இடம். போக்கா, போ, ஒண்ணும் ஆகாது என்று அவன் விரல்கள் கெஞ்சின.

மங்கை வாயை மூடிக்கொண்டு மடியிலிருந்த தாம்பூலப் பையைப் பார்த்தாள். ஐரீன் படிக்கட்டில் ஏறுவது போல் நிதானமாக ஏறி இறங்கினாள்.

பாட்டு முடிந்ததும் முதலில் கைதட்டியது மங்கைதான். மேடை ஓரமாக வந்து ஜெகதீசனிடம் குனிந்தாள்.

"எறக்காம பாடிட்டா பாத்தியாடா! அசல் அஞ்சரை. என் வயசுக்கு என்னால முடியல, அவளுக்குக் கர்த்தர் வச்சிருக்காரு." கண் நிறைந்திருந்தது; குரலில் பொறாமை துளிகூட இல்லை. "நல்ல தொண்டைடா. பத்திரமா பாத்துக்க."

"சரிக்கா" என்றான் ஜெகதீசன்.

அவள் சாப்பாட்டு வரிசைப் பக்கம் போனாள். அலி அக்பர் அடுத்த பாட்டுக்குத் தாளம் கொடுக்கத் தொடங்கிவிட்டு, ஜெகதீசன் கீகளில் கை வைப்பதற்காகக் காத்திருந்தான். கொடுத்துக்கொண்டே இருந்தான்.