நேற்று வருவார்

“பதிப்பகமே இல்லாததை எப்பிடி ரீச்சர் லிஸ்ற்றிலை...”

“முதலாவதாப் போடு, பிள்ளை.”

“...போடுறது? உது அப்பியாசக் கொப்பி! அதுவும் என்ரை தம்பியின்ரை!”

“அதுக்குத்தான் சொல்லுறன். முதலாவதா.”

புலம்பெயர்ந்த நாட்டில், மோர்னிங்சைட் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். புதிய பாடத்திட்டம் எழுத ஆறு இளம் ஆசிரியர்கள் வரவிருந்தார்கள். அவர்கள் முன்கூட்டியே வாசிக்க வேண்டிய நூல்களை நிலாணி மடிக்கணினியில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். ஒன்பது தேறியிருந்தது. பழைய பாடத்திட்டத்தைத் தனியொருத்தியாக எழுதிய அன்ரனெற் ரீச்சர், தன் பங்குக்கு ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்.

“ஒன்பதும் திறமான புத்தகங்கள்தான். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு நானும் வாசிச்சனான். ஒண்டிலையும் நான் செய்த பிழை இல்லை.”

நிலாணி கொப்பியை விரித்தாள். இறந்தகாலப் பயிற்சி. ‘அப்பா நேற்று ______’ என்ற கோட்டில், அப்போது ஏழு வயதாயிருந்த தம்பி றோய் ‘வருவார்’ என்று எழுதியிருந்தான். அதன்மேல் ரீச்சரின் சிவப்புக் கோடு. கீழே, குண்டுகுண்டான எழுத்தில் பத்துத் தரம்: அப்பா நேற்று வந்தார்.

போர்க்காலத்தில் மன்னாரில் இராணுவம் பிடித்துக்கொண்டு போன அவர்களின் அப்பா இன்றுவரை வரவில்லை.

“கையெழுத்து வடிவெண்டு ஆண்டிறுதிக் கண்காட்சியிலையும் வைச்சனான்,” என்றார் ரீச்சர். “அந்தக் கண்காட்சிச் சாமான் பெட்டியைத் துப்புரவாக்கேக்கைதான் திரும்பக் கண்டன்.”

“உங்களுக்கு மிச்சம் தெரியாது. அண்டைக்கு வீட்டை வந்தவன், சப்பாத்தையும் கழட்டாமல் ஒவ்வொரு அறையாப் போய்ப் பாத்தவன். ‘வந்தார் எண்டுதான் சரியாம், ரீச்சர் சொன்னவா’ எண்டு அம்மாட்டைச் சொன்னவன். அம்மா குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினா. அதுக்குப் பிறகு அவன் தமிழே கதைக்கிறேல்லை.”

ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டார்.

“அப்ப கட்டாயம் போட வேணும், பிள்ளை. வாற ஆக்கள் இதைப் பாக்காமல் ஒரு பாடமும் எழுதக்கூடாது.”

“உங்கடை பிழையைக் காட்ட அவன்ரை கொப்பியோ? என்னட்டைக் கேக்காதேங்கோ. அவனைக் கேளுங்கோ.”

நிலாணி ரீச்சரின் கைபேசியிலேயே தம்பியின் எண்ணை அழுத்தி நீட்டினாள். அவன் வேலைசெய்யும் பிறம்ரன் கிடங்கின் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல்: “ஹலோ? ஹூ இஸ் திஸ்?”

அனுமதி கேட்கத்தான் ரீச்சர் வாயெடுத்தார்.

“றோய் ராசா, அன்ரனெற் ரீச்சர் கதைக்கிறன். நீ அண்டைக்கு ‘வருவார்’ எண்டு எழுதினது பிழையில்லையடா.”