தேடினால் வராத பெயர்

“பொண்ணு நம்பர் குடுத்துட்டீங்க, சந்தோஷம். அப்படியே பேஸ்புக், இன்ஸ்டா எல்லாம் என்ன பேருல வச்சிருக்குன்னு இந்தத் தாள்லயே எழுதிக் குடுத்துடுங்க” என்றார் மைமூனா.

பாலக்கரைச் சந்து வீட்டின் கூடத்தில் எல்லோர் கண்ணும் அந்தத் தாளுக்குப் போனது. தோஹாவில் வேலை பார்க்கும் மகன் பாசிலுக்காகத் தென்னூரிலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார் மைமூனா. பெண்ணின் தகப்பன் ஹனீஃபா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எம் பொண்ணு அதெல்லாம் அதிகமா பாக்காதுங்க.”

“எல்லா வீட்டுலயும் அப்படித்தாங்க சொல்றாங்க. மறைக்க ஒண்ணும் இல்லேன்னா குடுக்குறதுல என்ன இருக்கு?”

பெண் அஃபீஃபா தாளை வாங்கித் தானே எழுதிக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் சம்பளம், விடுப்பு, தங்கியிருக்கும் இடம் எல்லாம் விசாரித்த ஹனீஃபாவுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அடுப்படி வாசலில் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் சம்ரீன். ஹனீஃபாவின் இறந்துபோன அண்ணன் மகள். ஒரே வீடு, முன்கட்டில் சின்னத்தா ஹனீஃபாவின் குடும்பம், பின்கட்டில் சம்ரீனும் அவள் அம்மா ஷரபுன்னிசாவும். சம்ரீனுக்கு இருபத்தொன்பது வயது. அஃபீஃபாவுக்கு இருபத்திரண்டு. இந்த ஏழு வருஷ வித்தியாசத்தை வந்தவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் டீயை எடுத்துக்கொண்ட ஒவ்வொருவரும் அவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள்.

புறப்படும்போது மைமூனா அடுப்படிப் பக்கம் வந்தார்.

“நீ ஸ்ரீரங்கத்துல கம்ப்யூட்டர் வேலை பாக்குறியாம்ல. அல்லாஹ்வுக்காகக் கேக்குறேன். இந்தப் புள்ளையைப் பத்தி எதுவும் தெரிஞ்சா சொல்லும்மா. எனக்கு ஒரே மவன்.”

“ஒண்ணும் இல்லைங்க மாமி. நல்ல புள்ளை” என்றாள் சம்ரீன். அப்போது அதை உண்மையாகத்தான் சொன்னாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில் சம்ரீனுக்கும் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு படம் வந்தது. காலேஜ் டூரில் முக்கொம்பில் எடுத்தது. பதினெட்டுப் பேர் நிற்கும் படத்தில் சம்ரீனின் தோளை ஒட்டி ஒரு பையன் நின்றான். எவளோ ஒரு தோழி எல்லோர் பெயரையும் கோத்து அதைப் பேஸ்புக்கில் போட்டிருந்தாள். அந்தப் பையனின் பெயர்கூடச் சம்ரீனுக்குச் சரியாக நினைவில்லை. சம்பந்தம் நின்றது. அதற்குப் பிறகு வந்தவர்களின் காதுக்கும் அந்தப் படத்தின் கதை எப்படியோ முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தது. சம்ரீன் தன் கணக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாக மூடினாள். தோழிகளைக் கெஞ்சிப் படங்களை எடுக்க வைத்தாள். கூகுளில் தன் பெயர் வராமல் போகும்வரை ஓயவில்லை. வேடிக்கை பார்ப்பதற்கென்று வேறொரு பெயரில் ஒரு கணக்கை மட்டும் வைத்துக்கொண்டாள். அதில் முகத்துக்குப் பதில் வெள்ளை நந்தியாவட்டைப் பூ. அது அவளுடையது என்று அஃபீஃபாவுக்கு மட்டும் தெரியும்.

சம்பந்தம் முடிவானதிலிருந்து அஃபீஃபாவின் சிரிப்புச் சத்தம் பின்கட்டுவரை கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓடி வருவாள்.

“சம்ரீக்கா, இந்த மருதாணி டிசைன் பாரேன். சம்ரீக்கா, அவங்க வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காங்க, கேளேன். தூங்கி எந்திரிச்ச குரல் மாதிரி இல்ல?”

சம்ரீன் கேட்பாள். சிரிப்பாள். அவள் போன பிறகு மடித்து வைத்த துணியை எடுத்து உதறி, மறுபடி மடிப்பாள். கன்னத்தில் குழி விழ அந்தப் பெண் நிற்பதைக் காணும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பது சம்ரீனுக்குத் தெரியும். தெரிந்திருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது ஷரபுன்னிசா அலமாரியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த பட்டுப் புடவையை வெளியே எடுத்தாள். சம்ரீனின் நிச்சயத்துக்கென்று வாங்கியது. ரோஜா நிறம்.

“ஏம்மா, சும்மா மடிப்புலயே இத்துப் போயிடும் போல. அஃபீக்குக் குடுத்துடலாமா? அவ கலருக்கு எடுப்பா இருக்கும்.”

அம்மா மனதில் கபடு எதுவும் இல்லை. மகளின் முகத்தை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடிப்பில் நூல் இற்றிருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடுங்க” என்றாள் சம்ரீன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று ஊர்ந்தபோது அவள் நினைப்பெல்லாம் அந்த ரோஜா நிறத்தில் அஃபீஃபா எப்படி இருப்பாள் என்பதிலேயே இருந்தது. அம்மா சொன்னது சரிதான். எடுப்பாகத்தான் இருக்கும்.

அம்மா மண்டபம் ரோட்டில் அவள் வேலை பார்த்த இ-சேவைக் கடையில் அன்று கூட்டம் அதிகம். தான் உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்க வந்த ஒரு பென்ஷன்காரரின் விரல் ரேகையை மெஷின் ஆறு முறையும் ஏற்கவில்லை. மத்தியானம் கூட்டம் வடிந்ததும், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், அஃபீஃபாவின் பெயரைப் போட்டுத் தேட ஆரம்பித்தாள்.

பூனைக்குட்டி, மருதாணி, பெருநாள் பிரியாணி. எல்லாம் சுத்தமாக இருந்தது. அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தன் சுவடுகளை அழித்த அனுபவம் அது. அஃபீஃபா பிளஸ் ஒன் படிக்கும்போது போன டியூஷன் சென்டரின் பேஸ்புக் பக்கத்தில், ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு படத்தின் கீழே அது கிடந்தது: ‘ஆரிஃப், நீ லீவு போட்டா கிளாஸே செம போர்.’ பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். ஆரிஃபும் பதிலுக்கு ஓர் இதயம் போட்டிருந்தான்.

பதினாறு வயதுப் பிள்ளையின் விளையாட்டு. சம்ரீனுக்கு அது புரியாமல் இல்லை. திரையை அப்படியே படம் பிடித்தாள். கடையில் ஓடிபி வாங்குவதற்கென்று வைத்திருந்த பழைய போனிலிருந்து மைமூனாவின் எண்ணுக்கு அனுப்பினாள். அனுப்பியதும் பசித்தது. டப்பாவைத் திறந்து முழுவதையும் சாப்பிட்டாள்.

மறுநாளே தென்னூரிலிருந்து அந்தப் படமும், சம்பந்தம் வேண்டாம் என்று போனும் வந்தன. ஹனீஃபா ஒன்றும் கத்தவில்லை. மகளின் கையிலிருந்து போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“படிச்சதெல்லாம் போதும். நாளையிலேருந்து காலேஜ் வேணாம்” என்றார்.

எம்.எஸ்சி. முடிக்க இன்னும் ஒரு செமஸ்டர்தான் பாக்கி. அஃபீஃபா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பின்கட்டில் சம்ரீன் சுவரோரமாக நின்று கேட்டாள். முதலில் அவளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்து ஆறியது. அது ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. காலையில் முன்கட்டைக் கடந்து வேலைக்குப் போகும்போது, புத்தகப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதைப் பார்த்தாள். மறுநாளும் அங்கேயே தொங்கியது.

நாலாவது நாள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அஃபீஃபா வந்தாள். கையில் ஹனீஃபாவின் போன்.

“அத்தா தொழுகைக்குப் போயிருக்காங்க. அந்தப் படத்தை நான் இப்பத்தான் பார்த்தேன். அடியில பாருக்கா.”

சம்ரீன் பார்த்தாள். கமெண்ட் எழுதுவதற்கான கட்டத்தின் ஓரத்தில், பொட்டு அளவுக்கு ஒரு வட்டம். பார்ப்பவரின் கணக்குப் படம். வட்டத்துக்குள் வெள்ளை நந்தியாவட்டை.

சம்ரீன் ஈரத் துப்பட்டாவைக் கொடியில் போடாமல் மடிக்க ஆரம்பித்தாள்.

“உனக்குச் சம்பந்தம் நின்னப்போ நான் காலேஜுக்குக்கூடப் போகாம உன் பக்கத்துல படுத்துக் கிடந்தேன். மறந்துட்டியா?”

“மறக்கல.”

“அப்புறம் ஏங்க்கா?”

புடவை என்று சொல்வதா, சிரிப்பு என்று சொல்வதா.

“அந்த ஆரிஃபுக்குப் போன மாசம்தான் நிக்காஹ் ஆச்சு. மண்ணடியில பெரிய இடம்” என்றாள் அஃபீஃபா. “அதே படத்துக்குக் கீழ அவன் போட்டதும்தான் இருக்கு. அவன் பேரை யாரும் தேடல.”

படியிறங்கப் போனவள் நின்றாள்.

“அத்தாகிட்ட நான் சொல்லல. சொன்னா உன் போனையும் புடுங்குவாங்க, வேலையையும் நிறுத்துவாங்க. இந்த வீட்டுல ஒருத்தி உள்ள கிடக்குறது போதும்.”

அடித்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது சம்ரீனுக்கு.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை மைமூனா மறுபடியும் வந்தார். இந்த முறை பின்கட்டுக்கு. பழம், பூ எல்லாம் தட்டில் இருந்தது. ஷரபுன்னிசா பதறிப்போய்ப் பாய் விரித்தாள். ஹனீஃபாவும் வந்து உட்கார்ந்தார். வாசல் திரைக்குப் பின்னால் அஃபீஃபாவின் நிழல் தெரிந்தது.

“எங்க பையனை விட வயசு ரெண்டு மூணு கூடத்தான் இருக்கு. பரவாயில்லைன்னு பாசில் சொல்லிட்டான்” என்றார் மைமூனா. “உங்க புள்ளை பேரைப் போட்டுத் தேடிப் பார்த்தோம்மா. என் தம்பி மவன் ரெண்டு நாளா உக்காந்து தேடினான். ஒண்ணுமே வரல. ஒரு போட்டோ வரல, ஒரு எழுத்து வரல. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணு எங்கங்க கிடைக்கும்?”

ஷரபுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்கு வருஷமாக அவள் ஏங்கிக் கேட்ட துஆ அது. சம்ரீன் அஃபீஃபாவிடம் எதையெல்லாம் பார்த்துப் பொருமினாளோ அதெல்லாம் தட்டில் வைத்து அவள் முன்னால் வந்திருந்தது. தலையை ஆட்டினால் போதும்.

“வராதுங்க மாமி” என்றாள் சம்ரீன். “எல்லாத்தையும் நானே அழிச்சேன். இதே மாதிரி ஒரு வீட்டுல என்னையும் தேடினாங்க. ஒரு டூர் போட்டோவுக்காக வேணாம்னு போனாங்க. அதுக்கப்புறம் நான் போட்டோவே எடுத்துக்கல.”

“சம்ரீன்” என்றாள் அம்மா.

“இருங்கம்மா. உங்களுக்கு அந்தப் படத்தை அனுப்புனது யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே மாமி. நான்தான் அனுப்புனேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குப் பொறாமை, அனுப்புனேன்.”

மைமூனா மெல்ல எழுந்தார். தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது கூட வந்த பெண்ணிடம் கேட்டது உள்ளே தெளிவாகக் கேட்டது:

“டூர் போட்டோன்னுச்சே, அது என்னன்னு தம்பி மவனை விட்டுத் தேடச் சொல்லணும்.”

ஹனீஃபா சம்ரீனின் முன்னால் வந்து கையை நீட்டினார்.

“அந்தப் போனைக் குடு.”

“குடுக்க மாட்டேன் சின்னத்தா. அடிக்கணும்னா அடிங்க. அவ போனையும் திருப்பிக் குடுங்க. திங்கக்கிழமை காலேஜுக்கு அனுப்புங்க. அனுப்பலேன்னா ஜமாஅத்துல வந்து இதே மாதிரி நான் பண்ணுனதை எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்.”

நீட்டிய கையை ஹனீஃபா இறக்கிக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்த நிழல் நகர்ந்து போய்விட்டது.

திங்கட்கிழமை அஃபீஃபா காலேஜுக்குப் போனாள். போன் இன்னும் பீரோவில்தான் இருந்தது. ஒரே நேரத்தில் இருவரும் சந்தில் நடந்தும் சம்ரீனோடு அவள் பேசவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. பேசுவாள் என்று சம்ரீனும் எதிர்பார்க்கவில்லை. ஷரபுன்னிசா மட்டும் மகள் கொண்டுவந்து வைத்த டீயைத் தொடாமல் ஆறவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஸ்ரீரங்கம் கடைக்கு உத்தர வீதியிலிருந்து ஒரு மாமி வந்தார். ஆதார் திருத்தம் ஏதோ என்று ஆரம்பித்து, கூட்டம் குறைந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“கொழந்தே, ஒரு ஒத்தாசை பண்ணணும். பெருமாள் கிருபையில ஜாதகம் பேஷாப் பொருந்தியிருக்கு. இருந்தாலும் இந்தப் பொண்ணு இதுல எங்கயாவது ஏடாகூடமா இருக்காளான்னு செத்த பார்த்துச் சொல்றியா?”

சீட்டில் ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் இருந்தன. லால்குடி.

சம்ரீன் கீபோர்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“பாக்குறேன் மாமி. முதல்ல உங்க பையன் பேரைச் சொல்லுங்க.”

“அவன் பேரு எதுக்குடிம்மா?”

சம்ரீன் விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தபடி காத்திருந்தாள்.