மூன்றாம் ஓலை

இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிறன்று காலை பத்தே முக்காலுக்கு அற்புதராஜ் சிங்கப்பூரின் செம்பவாங் கடலில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நகராத படகில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேகத் திருகை ஐந்தில் வைத்திருந்தார். அதற்கு மேல் எண் இல்லை.

"ஃபேன் வாங்கி மாட்டிட்டீங்களாண்ணே?" என்றார் அப்துல் கஃபார். "காத்து நல்லா வருது. படகுதான் போகமாட்டேங்குது."

"பேசாம இருங்க பாய்."

கஃபாருக்கு டன்லப் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம்தான் திறப்பார். அதுவரை தூண்டிலும் அற்புதராஜும்.

மோட்டார் பேட்டரியில் ஓடுவது. ஊருக்குத் திரும்பிய நியூசிலாந்துச் சிப்பாய் ஒருவன் கொடுத்துவிட்டுப் போனது. மீனுக்குச் சத்தம் கேட்காது; பெட்ரோல் நாற்றம் இல்லை. ஆனால் எதிர்நீரில் சிறு குழந்தை மாதிரி மூச்சு வாங்கியது. அவர்கள் கரை சேர்ந்தபோது பூசை முடிந்து மாதா கோவிலில் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சாமியார் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் படித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார். அதுதான் ஓலை. ஓலை நாளில் இரு வீட்டாரும் முன் பெஞ்சில் சேர்ந்து உட்காருவது அவர்கள் வழக்கம். முதல் ஞாயிறும் அற்புதராஜ் உட்காரவில்லை. அன்று பேட்டரி தீர்ந்துவிட்டது.

வீட்டில் மனைவி அல்போன்சம்மாள் இன்னும் கோவில் சேலையை மாற்றவில்லை. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள்.

"சம்பந்தி கேட்டுட்டார்."

"என்ன?"

"பொண்ணோட அப்பாவுக்குச் சம்மதம் இல்லையான்னு. முன் பெஞ்சுல, எல்லார் காதுலயும் விழுற மாதிரி. நம்ம மார்சிலிங் சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச்சு."

"மோட்டாருக்குப் பவர் பத்தல."

"அப்ப போகாதீங்க."

"போகாம?"

"மத்த ஆம்பளைங்க மாதிரி சட்டையைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறுங்க."

அவர் ஜன்னலைத் திறந்தார். எதிர் பிளாக்கில் துணி காய்ந்தது. ஜன்னலைச் சாத்தினார்.

"மூணாவது ஓலைக்கும் பொண்ணோட அப்பா வரலன்னா நாங்களே நிறுத்திக்கிறோம்னு சம்பந்தி தங்கராஜு சொல்லிட்டார்" என்றாள் அல்போன்சம்மாள். "கோபமாச் சொல்லல. அதான் பயமா இருக்கு."

மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை. குடிக்கமாட்டான். கல்யாணமான மாதமே மகள் பிரிஜட் அவனோடு விமானம் ஏறவேண்டும். அற்புதராஜ் சரி என்று சொல்லியிருந்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

அந்த வாரம் அவர் வீட்டில் உட்காரவில்லை. சாப்பிடும்போதும் நின்றார். பிளாக்கின் நடைபாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"பேட்டரி இன்னொண்ணு சேர்த்துக் குடுங்கண்ணே" என்று கஃபார் போனில் யோசனை சொன்னார். "இருபத்துநாலு வோல்ட்டு."

"மோட்டார் கருகிடும்."

"அப்ப என்னதான் வழி?"

வழி அவருக்குத் தெரியும். கப்பல் பட்டறையில் அவர் எலெக்ட்ரிஷியன் ஃபோர்மேன். படகின் பின்புறம் தாழக்கூடாது என்று பேட்டரியை முன்னால் வைத்திருந்தார். அங்கிருந்து பின்னால் மோட்டார்வரை வீட்டு விளக்குக்குப் போடுகிற வயர். புது வீட்டுக்கு வந்தபோது மிஞ்சியது. அத்தனை நீளத்துக்கு அத்தனை மெல்லிய வயர். பாதிச் சக்தி வழியிலேயே சூடாகிப் போய்விடும். முதல் ஞாயிறே அவர் கை அந்த வயரில் பட்டது. சுட்டது. கையை எடுத்துக்கொண்டார். பட்டறையில் இப்படி வயர் போட்டவனை அவர் மாலைவரை வைத்திருக்கமாட்டார்.

சனிக்கிழமை சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் வெல்டிங் கேபிள் வாங்கினார். கட்டைவிரல் பருமன். வீட்டு வாசலில் பரப்பிப் போட்டு வேலை செய்தார். பிரிஜட் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தவள் வெள்ளை யூனிஃபார்மோடு பக்கத்தில் குந்தினாள்.

"ஒரு நுனியப் பிடிக்கவாப்பா?"

"கை அழுக்காகும்."

"இன்னைக்கு இந்தக் கை என்னென்ன தொட்டுச்சுன்னு சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க."

பிடித்துக்கொண்டாள். அவர் செப்பு இழைகளைச் சீவி, கிளிப்பில் வைத்து நசுக்கினார். பிறகு மோட்டாரின் விசிறியைக் கழற்றினார். அச்சில் பழைய தூண்டில் நரம்பு இறுகச் சுற்றிக் கிடந்தது. பிரிஜட் கத்தரிக்கோல் கொண்டுவந்து, தையல் பிரிப்பதுபோல் அதை வெட்டி எடுத்தாள்.

"இப்ப வேகமாப் போகுமா?"

"போகும்."

"பத்து மணிப் பூசைக்குள்ள வந்துருவீங்கல்ல?"

"வந்துருவேன்."

"நான் டாக்ஸி எடுத்துக்கிட்டுக் கரைக்கே வர்றேன். நேரா ஆஃபிர் ரோட்டுக் கோவிலுக்குப் போயிரலாம். சட்டை நான் கொண்டாறேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? போன வாரம் ஃபாதர் தடை இருக்கான்னு கேட்டப்ப சனமெல்லாம் வாசல் பக்கம் திரும்பிச்சு. நீங்க வந்து சொல்லப்போறீங்கன்னு." சிரித்தாள். "எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்துச்சு."

அவர் அடுத்த கிளிப்பை எடுத்தார்.

ஞாயிறு விடிந்தபோது நீர் ஏறிக்கொண்டிருந்தது. நீரோட்டம் மேற்கே, ஜொகூர்ப் பாலத்தின் பக்கம். அற்புதராஜ் பேட்டரியைப் படகின் நடுவில் வைத்தார். கஃபாரை முன்னால் உட்காரச் சொன்னார்.

"நான் என்ன, பேலன்ஸுக்கு வச்ச அரிசி மூட்டையா?"

"மூட்டை பேசாது."

படகைப் பாலத்தின் பக்கம் திருப்பினார். கஃபார் தண்ணீரைப் பார்த்தார்.

"அண்ணே, ஓட்டத்தோட போறோம்."

"ஆமா."

"ஊருல எல்லாரும் போறப்ப எதிர்நீர்ல போவாங்க. வர்றப்ப தண்ணியே கொண்டாந்து விட்டுரும். நீங்க மட்டும் ஏன் தலைகீழாப் போறீங்க? போன வாரமும் இப்படித்தான்."

"மோட்டாரைச் சோதிக்க வேணாமா?"

"இன்னைக்கேவா?"

அற்புதராஜ் இறால் டப்பாவை அவர் பக்கம் தள்ளினார். கஃபார் இறாலைக் கொக்கியில் குத்தினார்.

மீன் சரியாகக் கடிக்கவில்லை. ஒரு சிறிய கொடுவா வந்தது, விட்டுவிட்டார்கள். அற்புதராஜ் தூண்டிலை எடுத்தார், போட்டார், எடுத்தார். இடம் மாற்றினார். இன்னும் கொஞ்சம் மேற்கே போனார். வெயில் ஏறியது.

"மணி எட்டரை" என்றார் கஃபார்.

"இன்னும் ஒரு தடவை."

"ஒரு தடவையும் இல்லை லா. உங்க சம்சாரம் என்னைத் தேடி டன்லப் ஸ்ட்ரீட்டுக்கே வந்துரும். கஸ்டமர் முன்னால திட்டும்." கஃபாரே நங்கூரத்தை இழுத்துப் போட்டார்.

அற்புதராஜ் திருகை ஐந்தில் வைத்தார்.

படகு எகிறியது. கஃபார் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார். எதிரே வந்த நீர் இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஓடியது. போன வாரம் அவர்களை நகரவிடாமல் நிறுத்திய அதே வேகமுள்ள நீர்தான். அற்புதராஜ் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது.

"யா அல்லாஹ்!" கஃபார் கூவினார். "இத முதல்லயே செஞ்சிருக்கலாம்லண்ணே! ஒரே வயரு! மூணு வாரமா என்னைய வெயில்ல காயப் போட்டீங்க!"

அற்புதராஜ் சிரித்தார். வேலை சரியாக அமைந்தால் வருகிற சிரிப்பு. கொஞ்ச நேரம் அவருக்கு வேறு எதுவும் நினைவில்லை. மரங்கள் பின்னால் போயின. கப்பல் பட்டறையின் கிரேன்கள் பெரிதாகி வந்தன. அதைத் தாண்டினால் கடற்கரை.

படகுத்துறை தெரிந்தது. அதன் முனையில் மஞ்சள் சேலை. பின்னால், மர நிழலில், ஒரு டாக்ஸி. பிரிஜட் ஒரு கையில் ஹேங்கரில் சட்டையைப் பிடித்திருந்தாள். மறு கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பிறகு அடையாளம் கண்டு கையை உயர்த்தி ஆட்டினாள்.

"புள்ள வந்துருச்சு!" கஃபார் பதிலுக்குத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். "மணி ஒம்பதுதான். பூசைக்கு முன்னால ஒரு டீயே குடிக்கலாம்."

சட்டை காற்றில் அசைந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்காரவேண்டும். தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்கும்போது அசையாமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர் கை திருகின் மேல் இருந்தது. நான்கு. மூன்று.

இரண்டில் படகு நின்றது. மோட்டார் ஓடியது. அது தள்ளிய அளவுக்கு ஓட்டமும் தள்ளியது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. துறையில் பிரிஜட்டின் கை மெல்லக் கீழே இறங்கியது. அவள் டாக்ஸியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் படகை.

கஃபார் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். முதலில் மோட்டாரைப் பார்த்தார். அப்புறம் திருகை. அப்புறம் அற்புதராஜின் முகத்தை.

"அண்ணே," என்றார் குரலைத் தாழ்த்தி, "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. ஏன் குறைச்சீங்க?"