மூன்றாவது அடியில் ஒரு சொல்

1

இந்தக் கதை என் தங்கை போனில் சொன்னது. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் பேசப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. "நடந்ததை மட்டும் எழுதுண்ணா. உன் சரக்கெல்லாம் சேர்க்காத" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

நான் எழுதிய முதல் வரி: 'விடுமுறையில் ஒரு மாணவி கடவுளைத் தேடி…'

வேண்டாம். அவள் எதையும் தேடிப் போகவில்லை.

2

பள்ளிக் கடைசி வகுப்புக்குப் போகவிருந்த பெண். அவர்கள் வீட்டில் மாலையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பிரார்த்தனை சொல்வது வழக்கம். ஒருநாள் பாதியில் எழுந்துவிட்டாள். "கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கறதுக்கு இனிமே நான் வரலப்பா." அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. விடுமுறை விட்டதும் அம்மா, "வீட்ல உர்ருன்னு உக்காந்திருக்கறதுக்கு நாலு பேருக்கு உதவியாவது இரு" என்று என் தங்கையின் மையத்துக்கு அனுப்பிவைத்தாள்.

அங்கே அவள் பொறுப்பில் விடப்பட்டவர் ஒரு லாரி டிரைவர். வலது கை விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "முண்டம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் முண்டம், போதுமென்றாலும் முண்டம். டாக்டர் குனிந்து நலம் விசாரித்தால் அதற்கும் அதே பதில். (டாக்டர் மனம் நொந்துபோனதாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். பத்தி போச்சு.) எந்த முண்டத்துக்கு என்ன அர்த்தம் என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

3

பிறகு அந்தச் சொல்லும் நின்றது. மனிதர் வாயை இறுக மூடிக்கொண்டார். மசித்த சோற்றை உதட்டருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்றார் டாக்டர். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஸ்பூன் மாணவியின் கையில்.

இந்த இடத்தில் அவள் மனமுருகி வேண்டினாள் என்று எழுதினால் கதை ஜம்மென்று நிற்கும். அவள் வேண்டவில்லை. பயந்துபோயிருந்தாள். பயந்தால் எதையாவது முணுமுணுக்கும் பழக்கம் அவளுக்கு. வாயில் வந்தது அந்தப் பிரார்த்தனையின் முதல் அடி.

இரண்டாவது அடி அவரிடமிருந்து வந்தது.

குழறல்தான். ஆனாலும் சொல் சொல்லாக, கடைசி அடிவரை சொன்னார். மனைவி திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் திறந்திருந்தது. மாணவிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஊட்டிவிட்டாள். விழுங்கினார்.

"முண்டம்" என்றார்.

"இன்னும் கேக்கறாரும்மா" என்றாள் மனைவி, அழுதுகொண்டே.

4

"இது அற்புதமாக்கா?" என்று கேட்டாள் மாணவி.

"அதெல்லாம் இல்ல" என்றாள் என் தங்கை. "பேச்சு மூளையில ஒரு பக்கம் இருக்கு. அந்தப் பக்கம் அடிபட்டாலும் மனப்பாடம், பாட்டு, வசவு இதெல்லாம் பல பேருக்குத் தப்பிச்சுக்கும்."

"லாரியில ஒரு சாமி படம் ஒட்ட விட்டதில்ல இந்த மனுஷன்" என்றாள் மனைவி. "சின்ன வயசுல படிச்சதா இருக்கும்."

அதற்கு மாணவி சொன்னாள்: 'நாம் அதைப் பிடித்துக்கொள்வதில்லை, அதுதான் நம்மை…'

மன்னிக்கவும். இது என் சரக்கு. அவள் தட்டைக் கழுவப் போனாள்.

5

அவரால் தானாக ஆரம்பிக்க முடியாது. ஒவ்வொரு வேளையும் முதல் அடியை அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவும் அவர் நாக்கு எட்டும் வேகத்தில். ஒரே மூச்சில் ஒப்பித்துப் பழகியவள், ஒவ்வொரு சொல்லிலும் நின்று அவருக்காகக் காத்திருந்தாள். மூன்றாவது அடியில் 'எங்களை' என்று ஒரு சொல் வரும். அவர் அதில் சிக்கிச் சிக்கி மீள்வார். அப்படி ஒருநாள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சொல் அவளுக்கு முதன்முதலாகக் காதில் விழுந்தது. என்னை இல்லை, எங்களை. இத்தனை வருஷம் அவள் அதைத் தனி ஆளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது அந்தச் சொல்லுக்குள் ஒரு லாரி டிரைவர் இருந்தார், அவர் மனைவி இருந்தாள். யாரிடம் சொல்கிறோமோ அவரும் பக்கத்தில் எங்கோதான் இருக்கிறார் என்று பட்டது. (இது என் சரக்கில்லை. அவளே என் தங்கையிடம் சொன்னது.)

விடுமுறை முடியும்போது மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு சாமி பூதமெல்லாம் கிடையாதும்மா. அவரு குரல் கேக்கணும். அந்த மொத வரியை எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போ."

சொல்லிக் கொடுத்தாள்.

6

அவர் முழுப் பேச்சும் திரும்பப் பெற்றதாக ஒரு முடிவு எழுதினேன். இறந்துபோனதாக இன்னொன்று. "ரெண்டும் பொய்" என்றாள் தங்கை. "அவரு இன்னும் இங்கதான் இருக்காரு. டாக்டரைத் திட்டிக்கிட்டு."

நடந்தது இதுதான். வீடு திரும்பிய அன்று மாலை மாணவி தானாக வந்து பிரார்த்தனையில் உட்கார்ந்தாள். அப்பா வழக்கமான வேகத்தில் ஆரம்பித்தார்.

"மெதுவாப்பா" என்றாள். "எல்லாரும் சேர்ந்து வரணும்ல."

அப்பா நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அதன் பிறகு அவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணை மூடியிருப்பவர்களை நின்று வேடிக்கை பார்ப்பது முறையில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் இருங்கள். இடம் இருக்கிறது.