சூடு ஏறினால் அடிக்க வேண்டிய மணி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. கற்பனை வளம் தேடி வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேட்டவள் லிசா. தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்துக்காரி, இப்போது ஷார்ஜாவில் நர்ஸ். அவள் அப்பா இன்னாசிமுத்து போன மே மாதம் இறந்துபோனார். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கப் பூசையைக் கோயில் கம்ப்யூட்டர் அனுப்பிய நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி மூடுவதற்குச் சற்று முன்னால் படம் போய்விட்டது. திரும்ப வந்தபோது பெட்டி மூடியிருந்தது.

"அக்கா, நீ கதை எழுதுறவதான? நடுவுல படம் போச்சுல்லா, அந்த நேரத்தை மட்டும் எனக்கு எழுதிக் குடுக்கா," என்றாள் போனில்.

"என்னத்தட்டி எழுத?"

"எம்பேரைச் சொல்லி டென்சில் அப்பாவுக்கு முத்தம் குடுத்தானாம். சொல்லுதான். நெத்தியிலயா கன்னத்துலயா, அழுதானா, எம்பேரைச் சத்தமாச் சொன்னானா, எல்லாம் வேணும். மேரேகோ தேக்னே கா தா க்கா, எனக்குப் பாக்கணும்னு இருந்துச்சு. பாக்கத்தான் முடியல, கேக்கவாவது செய்யுதேன்."

"உனக்குத்தான் தமிழ் வாசிக்க வராதே."

"டென்சிலுக்கு அனுப்பு. அவன் போன்ல வாசிச்சுக் காட்டுவான்."

டென்சில் அவள் தம்பி. நான் ஸ்வீட்டி. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு தமிழில் கதை எழுதுகிறவள் மும்பையில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். பெயரைப் பார்த்து இனிப்பாக ஏதாவது கிடைக்கும் என்று வந்திருந்தால் அதற்கும் நான் பொறுப்பல்ல.

(முத்தத்தைப் பற்றி வெளியாட்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டி மூடும் முன் பிள்ளைகள் வரிசையாக வந்து கடைசி முத்தம் கொடுப்பார்கள். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், பாதிப் பிள்ளைகள் கடல் தாண்டிக் கிடப்பதால், வர முடியாத பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, கூடப்பிறந்தவர் ஒருவர் அவருக்காகவும் இன்னொரு முத்தம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ரத்த உறவுதான் கொடுக்க வேண்டும்.)

2

தொடக்கங்கள்.

"மே மாத வெயிலில் தாராவி —"

[அடித்தாயிற்று. தாராவி என்று எழுதினாலே பேனா தானாக வெயிலுக்கும் சாக்கடைக்கும் ஓடுகிறது. எங்கள் பேரைச் சொல்லி நிறையப் பேர் அதை எழுதி முடித்துவிட்டார்கள்.]

"இன்னாசிமுத்து மிக நல்ல மனிதர்."

[செத்தவர்கள் எல்லாரும் மிக நல்ல மனிதர்கள்தான். இவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார், சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் பண்ணுவார், பிடிபட்டால் பிடித்தவனையே திட்டுவார். மகள் விமானம் ஏறிய அன்று ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன் என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார். அழுதால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று வெட்கம்.]

"ஒரு கம்ப்யூட்டர் சூடாகிவிட்டது."

இது இருக்கட்டும். இது உண்மை.

3

அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்டது. டென்சில் உல்லாஸ்நகரில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறான். அவன்தான் அதைத் தூசி தட்டி, லினக்ஸ் போட்டு, பீடத்துக்குப் பக்கவாட்டில் மேஜை போட்டு, கேமராவும் மைக்கும் மாட்டினான். ஞாயிறு பூசை உலகமெல்லாம் போயிற்று. எல்லாருக்கும் சந்தோஷம், ஜெப்ரி ஒருவரைத் தவிர.

ஜெப்ரி கோயில் கமிட்டிச் செயலாளர். செம்பூரில் ஃப்ளாட் வைத்திருக்கிறார், அந்த ஃப்ளாட் குரலிலும் தெரியும். "நற்கருணை வாங்கிட்டு ஜனங்க மௌனமா ஜெபம் பண்ணுது. நேரலையில பாத்தா பிளேன் இறங்குற மாதிரி சத்தம் கேக்கு. என்னல அது?"

"உள்ள இருக்கிற ஃபேன் சார். மைக் பக்கத்துல இருக்கு."

"குறை."

இப்படித்தான் ஆரம்பித்தது. பங்குச் செய்தி மடல் தயாரிக்க நானும் அதே மேஜையில் ஓரமாக உட்கார்ந்திருந்ததால், நான் கேட்காமலே டென்சில் எனக்குப் பாடம் நடத்தினான். முதலில் ஒரு நிரலை ஓட்டினான். அது மெஷினுக்குள் எங்கெங்கே சூடு அளக்கும் சென்சார் இருக்கிறது என்று தட்டித் தட்டித் தேடுமாம். ஒவ்வொரு இடத்திலும், இங்கே பார்க்கலாமா வேண்டாமா என்று அனுமதி கேட்டது. அவன் சரி சரி என்று அமுக்கிக்கொண்டே போனான். கடைசியில் திரையில் வரிசையாக எண்கள் வந்தன. ஒன்று நாற்பது டிகிரி, ஒன்று ஐம்பது, ஒன்று மட்டும் நூற்று இருபத்தேழு.

"ஐயோ, இது எரிஞ்சிரும்லா!"

"அது டுப்ளிகேட்டுக்கா. அந்த இடத்துல சென்சாரே மாட்டல. ஒண்ணும் இல்லாத இடந்தான் ஜாஸ்தி சூடு காட்டும்."

எங்கள் கமிட்டியிலும் அப்படி ஒருவர் உண்டு என்றேன். டென்சில் சிரித்தான். அவன் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அது பொய். அதற்கப்புறமும் நிறையச் சிரித்திருக்கிறான்.

பிறகு எந்த ஃபேன் எந்தக் கட்டளைக்கு அடங்குகிறது என்று பார்க்க ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டான். கடைசியில் ஒரு சின்னக் கோப்பில் விதி எழுதினான்: மூளைச் சில்லின் சூடு இவ்வளவு இருக்கும்வரை ஃபேன் மெதுவாகச் சுற்றட்டும், அதற்கு மேல் போனால் வேகம் எடுக்கட்டும். ஜெப்ரி வந்து காதை வைத்துக் கேட்டார். மெதுவாகச் சுற்றுவது சம்மதம். வேகம் எடுப்பது சம்மதமில்லை. "எப்பவுமே பாதியோட நிறுத்து."

"சார், ரொம்பச் சூடானா மெஷின் தானா அணைஞ்சிரும் சார்."

"அணையாம பாத்துக்கிடதுக்குத்தானல நீ இருக்க."

டென்சில் பார்த்துக்கொள்ள ஒரு வழி செய்தான். சூடு எண்பத்தைந்தைத் தாண்டினால் மெஷின் சத்தம் போடும். அவன் ஓடிவந்து பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பான். அந்தச் சத்தம் சாதாரணமாகக் கீ கீ என்றுதான் இருக்கும். கோயிலுக்குள் கீ கீ நன்றாயிருக்காது என்று நம் ஆள், பூசையில் எல்லாரும் முழங்காலிட அடிக்கிற பீடத்து மணியைப் போனில் பதிவு செய்து அதையே வைத்தான்.

(இந்த இடத்தில் நான் சிரித்தேன். நீங்களும் சிரிக்கலாம். வேறு எந்த ஊரில், எந்த சர்வீஸ் எஞ்சினியர் இப்படி ஒரு காரியம் செய்வான்?)

அடுத்த ஞாயிறு பாதர் பிரசங்கத்தில் முற்றுப்புள்ளியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். நடுவில் கணீரென்று மணி. பின்வரிசையில் பாதிப்பேர் தடாலென்று முழங்காலில் விழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் விழுந்தது. அவர்களைப் பார்த்து முன்வரிசையும் விழுந்தது. பாதர் வாயைத் திறந்தபடி நின்றார்.

பூசை முடிந்ததும் ஜெப்ரியின் முகம் கறுத்திருந்தது. "மணியை எடுத்துரு. இன்னொருதரம் கேட்டுது, மெஷினையே தூக்கி வெளிய போட்டுருவேன்."

எடுத்துவிட்டான். அதற்குப் பதிலாகச் சூடு ஏறினால் திரையின் மூலையில் எண் சிவப்பாகும். பார்க்க ஒருவர் இருந்தால் பார்க்கலாம்.

4

இன்னாசிமுத்துவின் வீடு ஏணி வைத்து ஏறும் மாடி. பெட்டி அந்தச் சந்துக்குள்ளேயே திரும்பாது. அதனால் முகம் பார்ப்பதெல்லாம் கோயிலுக்குள்தான். பெட்டியைச் சுற்றி மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி அணையக் கூடாதென்று எங்கள் கோயிலில் அடக்கத்தின்போது மேலே உள்ள மின்விசிறிகளை எல்லாம் நிறுத்திவிடுவார்கள். மே மாதம், மதியம், சனம் நிறைந்த கோயில், ஒரு விசிறியும் ஓடாமல். நாங்களே வெந்துகொண்டிருந்தோம்.

வழக்கமாக மேஜையில் உட்காருகிற டென்சில் அன்று செத்தவரின் மகன். பெட்டியின் தலைமாட்டில் நின்றான். "நீ அப்பாட்ட நில்லு, கம்ப்யூட்டரை நான் பாத்துக்கிடுதேன்," என்று சொன்னவர் ஜெப்ரி. நான் காதால் கேட்டேன். சொல்லிவிட்டு, முகம் பார்க்கிற வரிசையை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார்.

லிசாவின் குரல் டென்சிலின் போனில் மெசேஜாக வந்தது. 'படம் போச்சு, டென்சில், படம் போச்சு.' அவள் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

(போனிலேயே காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் இருக்கிற ஊரில் வாட்ஸாப்பில் மெசேஜ்தான் போகும், முகம் காட்டிப் பேச முடியாது. அந்த அவசரத்தில் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. இப்போது எல்லாருக்கும் தோன்றுகிறது.)

5

இந்தப் பகுதியைத்தான் லிசா கேட்டாள்.

முதலில் எழுதியது: "டென்சில் குனிந்து, 'லிசாவுக்காக' என்று உரக்கச் சொல்லி, அப்பாவின் நெற்றியில் —"

[இல்லை.]

மெசேஜைக் கேட்டதும் டென்சில் மேஜைக்கு ஓடினான். மெஷின் செத்துக் கிடந்தது. பொத்தானை அமுக்கினான், உயிர் வந்து உடனே போயிற்று. மேஜைக்கு அடியில் புகுந்து மூடியைக் கழற்றினான். பூசைப் புத்தகம் ஒன்றை எடுத்து விசிறினான். அவன் கால் மட்டும் வெளியே தெரிந்தது, ஒரு காலில் செருப்பில்லை.

ஜெப்ரி பெட்டிக்கு அருகில் நின்று கூப்பிட்டார். "பிள்ளைங்க யாராச்சும் உண்டா? முத்தம் குடுக்கணும்னா வாங்க."

ரோசம்மா பெரியம்மா, இன்னாசிமுத்துவின் மனைவி, அப்போது என் மடியில் மயங்கிக் கிடந்தார். நான் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"டென்சில் எங்கல?"

"கம்ப்யூட்டர்ட்ட இருக்கான்," என்றார் யாரோ.

"டென்சில், வால!" என்று நானும் கத்தினேன்.

"ஒரு நிமிஷம்! ஒரே நிமிஷம், வந்துரும், வந்துரும்!" அடியிலிருந்து அவன் குரல்.

ஜெப்ரி கடிகாரத்தைப் பார்த்தார். பாதருக்கு அடுத்து ஒரு கல்யாணப் பூசை இருந்தது. கல்யாண வீட்டார் பூச்சரத்தோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். "சரி, மூடுங்க," என்றார்.

மூடினார்கள். லிசாவுக்காக யாரும் முத்தம் கொடுக்கவில்லை. டென்சிலுக்காகவும் யாரும் கொடுக்கவில்லை.

திருகாணி முறுக்குகிற சத்தம் கேட்டுத்தான் அவன் வெளியே வந்தான். மெஷின் அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. திரை மூலையில் எண் பச்சையாக இருந்தது. கேமரா மூடிய பெட்டியைத் தெளிவாக ஷார்ஜாவுக்குக் காட்டியது.

கல்லறையிலிருந்து லிசாவுக்குப் போன் போட்டு, "உம்பேரைச் சொல்லிக் குடுத்துட்டேன், நீ அழாத," என்றானாம். ஜெப்ரி கமிட்டிக் கூட்டத்தில், "மெஷின்னா அப்படித்தான், நாம என்ன செய்ய முடியும்," என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போனார். அடுத்த விஷயம் கோயிலுக்குப் பெயின்ட்.

6

முடிவுகள்.

(அ) அம்மா கண் விழித்து எழுந்து, மகளுக்காகவும் மகனுக்காகவும் முத்தம் கொடுக்கிறார். எழுதிப் பார்த்தேன், படித்தவர்கள் அழுவார்கள். ஆனால் ரோசம்மா பெரியம்மா உயிரோடுதான் இருக்கிறார். மூடுகிற நேரத்தில் கண்ணைத் திறக்கவில்லையே என்று இன்றுவரை மார்பில் அடித்துக்கொள்கிறார். அவர் தலையில் இந்தப் பொய்யை எப்படிச் சுமத்துவேன்?

(ஆ) மணி அடிக்கிறது. ஜெப்ரி தடுக்கிறார், டென்சில் கேட்காமல் மணியை விட்டுவைக்கிறான், எல்லாரும் முழங்காலில் விழுகிறார்கள், படம் போகவே இல்லை. இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. நடக்கவில்லை என்பதுதான் ஒரே குறை.

(இ) லிசா கேட்டதையே எழுதிக் கொடுத்துவிடுவது. நெற்றியில், அழுதுகொண்டு, சத்தமாக. யாருக்கு என்ன நஷ்டம்? நிஜமாகவே உட்கார்ந்தேன். எழுத வந்தது ஜெப்ரியின் குரல்தான்: சத்தம் கேட்கக் கூடாது, எல்லாம் மௌனமாக இருக்கட்டும். கொதித்துப்போய்த் தாளைக் கிழித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டென்சில் என்ற பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. எந்த மகன் அந்த நேரத்தில் மேஜைக்கு அடியில் போவான்? அக்காவுக்கு அப்பாவின் முகத்தைக் காட்டத்தான் போனான் என்று ஒரு நாள் தோன்றுகிறது, அன்று அவனுக்காக அழுகிறேன். குளிர்ந்துபோன அந்த முகத்தைத் தொடப் பயந்து, மெஷினைச் சாக்காகப் பிடித்துக்கொண்டான் என்று இன்னொரு நாள் தோன்றுகிறது. அழுதால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று வீட்டில் படுத்துக்கொண்ட ஆளின் மகன்தானே. எழுதுகிற எனக்கு இது தெரியாது.

7

டென்சில், இனி உன்னோடுதான் பேச்சு.

நீ இதை வாசித்துக்கொண்டிருக்கிறாய். மற்றவர்கள் பிறகு அச்சில் வாசிப்பார்கள், அவர்களை விடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவன் நீ, கடினமான பெயர்களைக்கூடத் தடுமாறாமல் வாசிப்பாய். ஐந்தாம் பகுதி வரும்போது உன் குரல் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. நாலிலிருந்து நேரே ஆறுக்குத் தாவிவிட்டாயோ என்னவோ. அதற்காகத்தான் எண் போட்டேன். கதையை உனக்கு வாசிக்கக் கொடுக்கும்போதே, மொத்தம் ஏழு பகுதி, ஒவ்வொன்றுக்கும் எண்ணைச் சொல்லி வாசிப்பான் என்று லிசாவுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் அவளுக்கு எண்ணத் தெரியும்.

உன்னை மாட்டிவிட்டேன் என்று நினைப்பாய். மாட்டித்தான் விட்டிருக்கிறேன். எனக்கு உன்மேல் கோபமில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய். ஆனால் என்ன நடந்தது என்று உன் அக்காவுக்கு நான் சொல்லிவிட முடியும். ஏன் என்று நான் சொல்ல முடியாது. அந்த மேஜைக்கு அடியில் நான் இல்லை.

முடிவை நான் எழுதவில்லை. இதற்குக் கீழே தாள் வெறுமையாகத்தான் இருக்கிறது, திருப்பித் திருப்பிப் பார்க்காதே. லிசா லைனில் இருக்கிறாள். நீ வாசிப்பதை நிறுத்தியதும், "ம், அப்புறம்?" என்று கேட்பாள்.

சொல்லு.